நலவாழ்வுத் துறைகளின் கூட்டுக்கல்வி

மருத்துவம், செவிலியம், மருந்தியல், இயன்முறை மருத்துவம் முதலிய படிப்புகளின் மாணவர்கள் குழுவாகப் பணியாற்றக் கற்கும் கல்விமுறை. ஒரே அரங்கில் அமர்ந்து உடற்கூறியல் விரிவுரை கேட்பது மட்டுமே கூட்டுக்கல்வி ஆகாது. மாணவர்கள் ஒருவரோடு ஒருவர் சேர்ந்தும், ஒருவரிடமிருந்து ஒருவரும், ஒருவர் பணியைப் பற்றி மற்றவரும் கற்க வேண்டும் என்பது பிரிட்டனில் 1987-இல் தோன்றிய கெய்ப் அமைப்பு வகுத்த வரையறை.

தோற்றம்

1960-களில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மருத்துவப் புல முதல்வர் ஜான் மெக்ரியரி, எல்லா நலத்துறை மாணவர்களும் ஒரே வளாகத்தில் பயில வேண்டும் என வலியுறுத்தினார். 1972-இல் அமெரிக்க மருத்துவக் கழகம் எட்மண்ட் பெல்லக்ரினோ தலைமையில் இதற்கென மாநாடு நடத்தியது. 1978-ஆம் ஆண்டின் அல்மா-அட்டா பிரகடனம் ஆரம்ப சுகாதாரப் பணியைக் குழுவின் பொறுப்பாக்கியது. 1988-இல் உலக சுகாதார நிறுவனம் இக்கல்வியைப் பரிந்துரைத்து அறிக்கை வெளியிட்டது.

வகுப்பிலிருந்து வார்டுக்கு

சுவீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகம் 1986-இல் தொடங்கிய நலவாழ்வு அறிவியல் புலத்தில், எல்லாத் துறை மாணவர்களுக்கும் பொதுப்பாடத்துடனேயே படிப்பு ஆரம்பமானது. 1996-இல் அங்கு எலும்பு சிகிச்சைப் பிரிவில் மாணவர்களே நடத்தும் பயிற்சி வார்டு திறக்கப்பட்டது. இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை பெற்ற முதியவர் ஒருவர் இத்தகைய வார்டில் இருப்பதாகக் கொள்வோம். மருந்தையும் பரிசோதனை முடிவுகளையும் மருத்துவ மாணவர் பார்ப்பார். புண்ணையும் வலியையும் செவிலிய மாணவர் கவனிப்பார். இயன்முறை மாணவர் நடக்கவைப்பார். வீட்டில் தாமே குளித்து உடுத்த முடியுமா என்று ஆக்குபேஷனல் தெரபி மாணவர் சோதிப்பார். எப்போது வீட்டுக்கு அனுப்பலாம் என்பதை நால்வரும் கூடிப் பேசுவார்கள். இறுதிப் பொறுப்பு மேற்பார்வையாளர்களுடையது.

பிழைகள் தந்த உந்துதல்

அமெரிக்க மருத்துவமனைகளில் தவிர்க்கக்கூடிய பிழைகளால் ஆண்டுக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை இறப்பதாக 1999-இல் அமெரிக்க மருத்துவக் கழகம் மதிப்பிட்டது. பிரிஸ்டல் மருத்துவமனையின் குழந்தை இதய அறுவை சிகிச்சை குறித்த பிரிட்டிஷ் விசாரணை 2001-இல் குழுப்பணிக் குறைகளைச் சுட்டி, துறைகள் சேர்ந்து பயில வேண்டும் என்றது. அதன்பின் தகவல் தொடர்பு பயிற்சியின் மையமானது. நோயாளியின் நிலை மோசமானால் மருத்துவரை அழைக்கும் செவிலியர் இப்போதைய நிலைமை, பின்னணி, தம் கணிப்பு, செய்யவேண்டியது என்ற வரிசையில் பேசும் ‘எஸ்பார்’ முறை அமெரிக்கக் கடற்படையிலிருந்து மருத்துவத்துக்கு வந்தது. செவிலியர் தம் கணிப்பைச் சொல்வதை இம்முறை கடமையாக்குகிறது.

2010-இல் உலக சுகாதார நிறுவனம் இக்கல்விக்கான செயற்சட்டகம் ஒன்றை வெளியிட்டது. மறு ஆண்டு அமெரிக்காவின் ஆறு கல்விச் சங்கங்கள் சேர்ந்து விழுமியங்கள், பொறுப்புகள், தகவல் தொடர்பு, குழுப்பணி என நான்கு திறன்களை வகுத்தன.

மதிப்பீடும் தடைகளும்

2013-ஆம் ஆண்டு காக்ரேன் ஆய்வுத் தொகுப்பில் இடம்பெற்ற 15 ஆய்வுகளில் ஏழு மட்டுமே தெளிவான நற்பயன் காட்டின. நான்கில் கலப்பு முடிவு, நான்கில் பயனில்லை. பொருந்தாத கால அட்டவணைகள், சமமற்ற மாணவர் எண்ணிக்கை, மருத்துவரே மேல் என்ற படிநிலை ஆகியவை பொதுவான தடைகள்.

இந்தியாவில்

2019-இல் நடைமுறைக்கு வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம், நலக்குழுவின் தலைவராகவும் உறுப்பினராகவும் இயங்குவதை மருத்துவரின் ஐந்து பங்குகளில் ஒன்றாகக் குறிக்கிறது. துணை மருத்துவப் படிப்புகளை 2021-ஆம் ஆண்டின் தேசியச் சட்டம் முறைப்படுத்தியது. தமிழ்நாட்டில் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் இத்துறைகள் பலவும் இருந்தாலும், கல்லூரி, பாடத்திட்டம், தேர்வு ஆகியவை துறைவாரியாகவே அமைந்துள்ளன.