உத்திரங்களுக்கு இடையே உள்ள வெளி

அகரத்தில் பழைய மட்டப்பா வீடொன்றின் கூடத்தில் அண்மையில் அண்ணாந்து நின்றோம். மழைநீர் கசிகிறது, மேலே இரண்டு அங்குலம் சிமெண்ட் கான்கிரீட் போட்டால் தீர்ந்தது என்று கொத்தனார் சொல்லிப் போயிருந்தார். வீட்டுக்காரப் பெரியவர் நம்மிடம் கேட்டது ஒன்றே: "உத்திரம் இவ்வளவு கனமாக இருக்கிறதே, தாங்காதா?"

உத்திரம் தமிழுக்குப் பழைய பொருள். நெடுநல்வாடை, அரண்மனை வாயிலைப் பாடுமிடத்தில், நாள்மீன் ஒன்றின் பெயர் கொண்ட மரம் என்று அதனைப் புதிர்போலச் சுட்டும். நூல் பிடித்து அளந்து மனை வகுத்தவர்களையும் அப்பாட்டே காட்டுகிறது. அளவு முதலில், மரம் பிறகு.

மட்டப்பாவிலும் அதுவே முறை. சுவருக்குச் சுவர் உத்திரம். அதன்மேல் ஏறக்குறைய ஒன்றரை அடி இடைவெளியில் குறுக்குக்கட்டைகள். அவற்றின்மேல் சிறிய மெல்லிய செங்கற்களை நிறுத்தி, மூலைவாட்டில் சுண்ணாம்புச் சாந்தால் ஒட்டிச் செல்வர். பிறகு செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, மரக்கட்டையால் அடித்து இறுக்கித் தட்டோடு பதிப்பர். 'மெட்ராஸ் டெரஸ்' என்று பொறியியல் நூல்கள் வழங்கும் இதற்கென்றே ஐ.எஸ். 2119 என்னும் இந்தியத் தர விதிநூல் உண்டு.

இடைவெளி ஏன் குறுகியது? அகரத்தை அடுத்த தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் கோயில் மண்டபத்தைப் பார்த்தால் விளங்கும். கல் அமுக்கத்தைத் தாங்கும். வளையும்போது அடிப்புறம் இழுபடுவதைத் தாங்காது. ஆகவே தூண்கள் நெருங்கி நிற்கின்றன. மரமோ இழுவிசையையும் தாங்குவதால் நீண்டு பாயும். ஆனால் கட்டைகளுக்கு நடுவே கிடக்கும் செங்கல், குணத்தில் கல்லின் இனம். தூண் நெருக்கம் அங்கே கல்லுக்காக; கட்டை நெருக்கம் இங்கே செங்கல்லுக்காக.

கட்டையைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வைப்பதன் காரணத்தை 1638-இல் வெளியான நூலில் கலீலியோ ஆராய்ந்தார். அகலத்தை இரட்டித்தால் வலிமை இரண்டு மடங்கு. உயரத்தை இரட்டித்தால் நான்கு மடங்கு. வளையாமை எட்டு மடங்காகும்.

இனிப் பெரியவரின் கேள்விக்கு வருவோம். எட்டடி நீளக் கட்டையொன்று, ஒன்றரை அடி இடைவெளியில், 12 சதுர அடிப் பரப்பைச் சுமக்கிறது. இரண்டு அங்குலக் கான்கிரீட் அதன்மேல் ஏற்றும் புதுப்பாரம் ஏறக்குறைய 135 கிலோ. அதுவும் ஒருநாள் பாரமன்று, நிலையான பாரம். அதற்குள் சுவரில் புதைந்த கட்டைமுனை ஈரத்தில் உளுத்து ஒரு கட்டை கைவிட்டதென்று கொள்வோம். இருபுறத்துக் கட்டைகளும் ஒன்றரை மடங்கு சுமக்கும். செங்கல் வரிசையோ மூன்றடி வெளியைக் கடக்க நேரும். அதை வளைக்கும் விசை நான்கு மடங்காகும். கனத்த உத்திரம் அசையாமல் நிற்க, அதனருகே கூரை விழும்.

ஆகவே நாம் சொன்னது இதுதான்: "ஐயா, மேலே எதையும் ஏற்ற வேண்டாம். முதலில் கட்டைமுனைகளைத் தட்டிப் பாருங்கள். உளுத்ததை மாற்றி, பெயர்ந்த தட்டோட்டை எடுத்துவிட்டுச் சுண்ணாம்பிலேயே மறுபடி பதியுங்கள்."

பெரியவர் கைத்தடியை உயர்த்தினார். முதல் கட்டை கணீரென்றது. சுவரோரத்து மூன்றாவது கட்டையில் ஓசை எழவில்லை.