சேறு அள்ளிய கரங்கள்: பேரிடர்ப் பணியின் வரலாறு தரும் படிப்பினை

2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் அந்நகரில் 48 சென்டிமீட்டர் அளவிற்கு மழை கொட்டிற்று. மறுநாள் இராணுவத்தினர் வந்து, கிருஷ்ணா நகர் போன்ற பகுதிகளில் நீர் சூழ்ந்த வீடுகளிலிருந்து மக்களை மீட்டனர். வெள்ளம் வடிந்தது, சேறு எஞ்சியது. அதனை அகற்ற வெளியூர்ச் சபைகளிலிருந்து வந்த வாலிபர் குழுவொன்று கோரிமேட்டில் தங்கியிருந்தது. அவர்களுடன் சில நாட்கள் இருக்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. அவர்கள் காலைதோறும் மேட்டிலிருந்து பள்ளப் பகுதிக்கு இறங்கிச் சென்று, மாலையில் களைத்துத் திரும்புவர்.

ஒரு மாலை ஜெபவேளையில் இறையியல் மாணவர் ஒருவர் மனம் கலங்கிப் பேசினார். நனைந்த மெத்தையை வெளியே எடுத்து வருகையில், அவ்வீட்டு மூதாட்டி, “நாங்கள் என்ன பாவம் செய்தோம், தம்பி?” என்று கேட்டாராம். மாணவர் விடையின்றி நின்றுவிட்டார். “என்ன சொல்லியிருக்க வேண்டும், ஐயா?” என்று அவர் நம்மை வினவினார். அவ்வினாவிற்கு விடை தேடும்போது வரலாறு நமக்குத் துணை நிற்கிறது.

பிறர் துயர் துடைக்க வாலிபர் மண்வெட்டி ஏந்திச் செல்லும் மரபிற்கு வித்திட்டவர்களுள் முதன்மையானவர் பியேர் செரெசோல் (1879–1945). சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளராகிய இவர், கிறிஸ்தவ சமாதான இயக்கத்தில் ஈடுபட்டவர். முதல் உலகப் போரில் பாழான வெர்டன் பகுதியில், எஸ்ன் என்னும் கிராமத்தில் 1920இல் ஒரு பணிமுகாம் தொடங்கினார். நேற்றுவரை பகைவராயிருந்த ஜெர்மானியரும் அதில் உழைத்தனர். ஆயினும் எதிர்ப்பு எழுந்தது. ஜெர்மானியர் விலக நேர்ந்தது. முகாமும் சில மாதங்களில் முடிவுற்றது. செரெசோல் மனந்தளரவில்லை. 1924இல் பனிச்சரிவு மூடிய சுவிஸ் கிராமமொன்றைத் துப்புரவு செய்தார். ரைன் நதி வெள்ளத்தால் மண் மூடிய லிக்டென்ஸ்டைன் நாட்டு வயல்களைச் சீர்செய்ய, 1928இல் பல நாடுகளிலிருந்து எழுநூறு பேரளவில் திரண்டனர்.

1934 ஜனவரி 15ஆம் நாள் பீகாரை நிலநடுக்கம் குலுக்கியது. பதினாயிரத்திற்கு மேற்பட்டோர் மாண்டனர். பூமி பிளந்து மணலைக் கக்கியது. வயல்களும் கிணறுகளும் மூடப்பட்டன. செரெசோல் அங்கும் வந்தார். இராஜேந்திர பிரசாத் முதலிய தலைவர்களைச் சந்தித்தார். பின்னர் தோழர் சிலருடன் திரும்பி வந்து, முசாபர்பூர் வட்டாரத்தில் வெள்ள அபாயத்திற்குள்ளான கிராமங்களை மேட்டு நிலத்தில் மீண்டும் அமைக்கும் பணியில், கிராமத்தாரோடு சேர்ந்து உழைத்தார். வந்தவர் கொடுப்போர், உள்ளூரார் பெறுவோர் என்ற பேதத்திற்கு அங்கு இடமில்லை.

அதே நாட்களில் அம்மூதாட்டியின் வினா இந்நாடெங்கும் ஒலித்தது. ஹரிஜன யாத்திரையில் இருந்த காந்தியடிகள், ஜனவரி 24ஆம் நாள் திருநெல்வேலியில், அந்நிலநடுக்கம் தீண்டாமைப் பாவத்திற்குக் கடவுள் அளித்த தண்டனை எனப் பேசினார். இரவீந்திரநாத் தாகூர் இதனை மறுத்தார். தீண்டாமையை வெறுப்பதில் அவர் காந்தியடிகளுக்குக் குறைந்தவரல்லர். இயற்கை நிகழ்ச்சியை ஒழுக்கநெறியோடு பிணைப்பது பகுத்தறிவிற்கு ஒவ்வாது என்பதே அவர் கருத்து. அம்மறுப்பையும் தம் பதிலையும் காந்தியடிகள் பிப்ரவரி 16ஆம் நாள் ‘ஹரிஜன்’ இதழில் வெளியிட்டார். மறுநாள் அவர் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்கு வந்தார் என்பது நம் கவனத்திற்குரியது. மார்ச்சு மாதத்தில் பீகாருக்கே சென்று நிவாரணப் பணியில் ஈடுபட்டார்.

லூக்கா 13ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் இவ்வினாவை எதிர்கொள்கிறார். சீலோவாம் கோபுரம் விழுந்து மாண்ட பதினெட்டுப்பேர் மற்றவரினும் பெரும் பாவிகளென்பதை அவர் மறுக்கிறார். ஆனால் அத்துடன் நில்லாது, கேட்டு நின்றோரை மனந்திரும்ப அழைக்கிறார். தாகூரின் மறுப்பும் காந்தியடிகளின் மனச்சான்றின் குரலும் இங்கு இருபுறமும் நிற்பதைக் காண்கிறோம். பாவத்தைப் பற்றிய வினா நனைந்தவரிடம் கேட்கத்தக்கதன்று. நனையாதவர் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ளத்தக்கது. ஏரியையும் வாய்க்காலையும் தூர்த்து மனை கட்டும் சமுதாயத்தில் நமக்கும் பங்குண்டல்லவா?

நாமும் இதினின்று தப்பவில்லை. துப்புரவுக்கென நாம் வகுத்த பட்டியலில் சபையாரின் வீடுகளே முதலிடம் பெற்றிருந்தன. எஸ்ன் கிராமத்தில் ஜெர்மானியரை விலக்கிய மனப்பான்மை நம்மிடமும் குடியிருந்ததை வெட்கத்தோடு உணர்ந்தோம். கோரிமேடு தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியது. புதுச்சேரி அரசு குடும்ப அட்டைக்கு 5,000 ரூபாய் அறிவித்தது. தமிழ்நாட்டு அரசு விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 2,000 ரூபாய் அறிவித்தது. அரசுகளுக்கு எல்லை இன்றியமையாதது. வெள்ளத்திற்கு எல்லையில்லை, அன்பின் ஊழியத்திற்கும் இருத்தலாகாது. மறுநாள் அப்பட்டியலைக் கிழித்துவிட்டுத் தெரு வரிசைப்படி வேலை செய்தோம்.

அம்மாணவருக்கு நாம் கூறியது இதுவே: “பதில் சொல்லாமல் நின்றது தவறன்று, தம்பி. நாளை அவ்வீட்டிற்கு மறுபடியும் போங்கள்.” அவர் போனார். சமையலறையில் இன்னும் சேறு இருந்தது.