ஆக்ரனில் பிறந்த பதவி

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள ஆக்ரன், நூறு ஆண்டுகளுக்கு முன் ரப்பர் நகரம் என்றே பெயர் பெற்றிருந்தது. குட்இயர், ஃபயர்ஸ்டோன், குட்ரிச் என்று உலகத்தின் கார்களுக்கு டயர் செய்து கொடுத்த பெரிய கம்பெனிகள் அங்கேதான் இருந்தன. வாரம் முழுக்க ஆலையில் உழைத்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் அமெரிக்கக் கால்பந்து. அந்த ஊரின் ‘ஆக்ரன் புரோஸ்’ அணிக்கு 1921-இல் கறுப்பினத்தவர் ஒருவர் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். இன்று என்எஃப்எல் என்று உலகம் அறிந்திருக்கும் தொழில்முறைக் கூட்டமைப்பின் வரலாற்றில் அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. அவர் பெயர் ஃபிரிட்ஸ் பொலார்டு. பயிற்சியாளரான பிறகும் பந்தை ஏந்திக்கொண்டு ஓடியவர் அவர்தான்.

யாரும் நேர்காணல் வைத்து, ஆணை எழுதிக் கொடுத்து அந்தப் பொறுப்பு அவருக்கு வரவில்லை. அவருடைய ஓட்டத்திலிருந்து பிறந்தது அது. அது எப்படிப் பிறந்தது, பிறந்த பின் ஏன் காணாமல் போனது என்பதைச் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமையாகும்.

1894 ஜனவரி 27 அன்று சிகாகோவில் பிறந்த குழந்தைக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஃபிரெடரிக் டக்ளஸ் பொலார்டு. அடிமை முறையை எதிர்த்துப் பேசியும் எழுதியும் வாழ்ந்த ஃபிரெடரிக் டக்ளஸ் அப்போது உயிரோடு இருந்தார். அந்தப் பெயரில் பெற்றோரின் கனவு இருந்தது. அப்பா முடிதிருத்துபவர், அம்மா தையல்காரர். வெள்ளையர் மட்டுமே வாழ்ந்த ராஜர்ஸ் பார்க் பகுதியில் குடியேறிய கறுப்பினக் குடும்பம் அது. ஜெர்மானியர் நிறைந்த அந்தத் தெருக்களில் பையனுக்கு ‘ஃபிரிட்ஸ்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அண்ணன்மார் விளையாட்டில் தேர்ந்தவர்கள். உடம்பு சிறியதாக இருந்தால் எப்படி ஆட வேண்டும் என்று தம்பிக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் அவர்கள்தான்.

அமெரிக்கக் கால்பந்தில் ஓர் அணிக்குப் பதினொரு பேர். முட்டை வடிவப் பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுசேர்க்க வேண்டும். தன் அணிக்காரர் கையிலிருந்து பந்தை வாங்கி, அதை மார்போடு அணைத்துக்கொண்டு எதிரணிக்குள் பாய்ந்து ஓடுகிறவர்தான் ரன்னிங் பேக். அந்தக் காலத்தில் அவரை ஹாஃப்பேக் என்பார்கள். கபடியில் பாடிப் போகிறவரைப் போல, அத்தனை பேருடைய கண்ணும் அவர் ஒருவர்மேல்தான் இருக்கும். முன்னால் நிற்கும் தடுப்பாளர்களுக்கு நடுவே எங்கே வழி திறக்கும், அது எத்தனை நொடி திறந்திருக்கும், பக்கவாட்டிலிருந்து யார் பாய்ந்து வருவார் என்பதையெல்லாம் ஓடிக்கொண்டே கணிக்க வேண்டும். கால் வேகம் போதாது. களம் முழுவதும் அவர் மனத்தில் விரிந்திருக்க வேண்டும்.

பொலார்டுக்கு இந்தக் கணிப்பு உயிரைக் காக்கும் வித்தை. அவர் உயரம் ஆறடிக்கும் குறைவு, எடை சுமார் 165 பவுண்டு. கீழே விழுந்தால் எதிரணியினர் வேண்டுமென்றே மேலே குவிந்து எலும்பை முறிக்கப் பார்ப்பார்கள். அதற்காக அவர் பழகி வைத்திருந்த தற்காப்பு ஒன்று உண்டு. விழுந்த கணத்திலேயே மல்லாந்து, காலணி ஆணிகள் மேலே தெரியும்படி கால்களைக் காற்றில் சுழற்றுவார். யாரும் மேலே விழத் துணிய மாட்டார்கள். எதிரி என்ன செய்வான் என்று முன்கூட்டியே யோசித்து விடை தயாராக வைத்திருக்கும் அந்தப் பழக்கத்தில் பிற்காலப் பயிற்சியாளரின் விதை இருந்தது.

ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் அவர் புகழ் பரவியது. 1916 புத்தாண்டு தினத்தன்று கலிபோர்னியாவின் பாசடீனாவில் நடந்த ரோஸ் போல் ஆட்டத்தில் பிரவுன், வாஷிங்டன் ஸ்டேட் அணியைச் சந்தித்தது. ரோஸ் போலில் ஆடிய முதல் கறுப்பின வீரர் பொலார்டு. தங்கப் போன விடுதியில் அவருக்கு அறை தர மறுத்தபோது, அவருக்கு அறை இல்லையென்றால் எங்களுக்கும் வேண்டாம் என்று அணியினர் நின்றார்கள். மழையில் நனைந்த சேற்று மைதானத்தில் அவருடைய வேகம் எடுபடவில்லை. பிரவுன் 14-0 என்று தோற்றது. அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் அவர் பதில் சொன்னார். யேல் அணியை 21-6 என்றும், அடுத்த வாரமே ஹார்வர்டை 21-0 என்றும் பிரவுன் வீழ்த்தியது. ஒரே பருவத்தில் அந்த இரண்டு அணிகளையும் வென்றது அதுவரை பிரவுனுக்குக் கைகூடாத சாதனை. அமெரிக்கக் கால்பந்தின் தந்தை எனப்படும் வால்டர் கேம்ப் தேர்ந்தெடுக்கும் ‘ஆல் அமெரிக்கா’ அணியில், பந்தோடு ஓடும் பின்வரிசைக்குத் தேர்வான முதல் கறுப்பினத்தவர் என்ற பெருமை அந்த ஆண்டு பொலார்டைச் சேர்ந்தது.

பயிற்றுவிக்கும் வேலை அவரிடம் முதலில் வந்தது தொழில்முறை அணியில் அல்ல. முதல் உலகப் போரின் இறுதிக் காலத்தில், பென்சில்வேனியாவில் கறுப்பின மாணவர்கள் படித்த லிங்கன் பல்கலைக்கழகத்தில் அவர் கால்பந்துப் பயிற்சியாளராகச் சேர்ந்தார். அங்கே அவருக்குத் துணைப் பயிற்சியாளராக இருந்த இளைஞர்களில் ஒருவர், பின்னாளில் பாடகராகவும் நடிகராகவும் உலகம் கொண்டாடிய பால் ராப்சன். வசதி குறைந்த கல்லூரி அது. தன் கால்கள் அறிந்ததை இன்னொருவருக்குப் புரியும்படி வாயால் சொல்ல வேண்டிய கட்டாயம் பொலார்டுக்கு அங்கேதான் வந்தது. திறமையான வீரர்கள் பலரும் தடுக்கி விழும் படி இது. தான் செய்வதைப் பிரித்துச் சொல்லத் தெரியாதவர் எவ்வளவு பெரிய ஆட்டக்காரரானாலும் பயிற்சியாளராக முடியாது. பொலார்டு அதைக் கற்றுக்கொண்டார்.

1919 பருவத்தின் நடுவில் ஆக்ரன் அணி அவரைப் பணம் கொடுத்து அழைத்துக்கொண்டது. லிங்கனில் பயிற்சி தருவதும், ரயிலேறி ஒஹையோ சென்று ஆடுவதுமாக அவர் வாழ்க்கை போயிற்று. ஆக்ரன் அவரை அன்போடு வரவேற்கவில்லை. உணவகங்கள் கதவைச் சாத்தின. சொந்த ஊர்க் கூட்டத்திலிருந்தே வசை வந்தது. மற்ற வீரர்களோடு மைதானத்தில் உடை மாற்ற முடியாமல், அணி உரிமையாளர்களில் ஒருவரான ஃபிராங்க் நைடின் சுருட்டுக் கடையில் சீருடை அணிந்து, ஆட்டம் தொடங்கும் நேரத்துக்குக் காரில் வந்து இறங்குவார். அப்படி வந்து இறங்கியவர் பந்தைக் கையில் வாங்கியதும் வசை பாடிய கூட்டம் கை தட்டியது.

1920 செப்டம்பர் 17 அன்று ஒஹையோவின் கான்டன் நகரில், ரால்ஃப் ஹே என்பவரின் கார் விற்பனைக் கூடத்தில் அணி உரிமையாளர்கள் கூடினார்கள். என்எஃப்எல்லின் தொடக்கம் அந்தக் கூட்டம். ஆக்ரன் அங்கே இடம்பெற்றிருந்தது. முதல் பருவத்தில் ஆக்ரன் எட்டு ஆட்டங்களில் வென்றது, மூன்று சமனாயின, தோல்வி ஒன்றுகூட இல்லை. எதிரணிகள் எல்லாம் சேர்ந்து அதற்கு எதிராக எடுத்தது மொத்தமே 7 புள்ளிகள். கடைசி ஆட்டம் டிசம்பரில் சிகாகோவில், ஜார்ஜ் ஹாலஸின் டிகேட்டர் ஸ்டேலிஸ் அணியோடு 0-0 என்று முடிந்தது. கூட்டமைப்பின் முதல் சாம்பியன் ஆக்ரன்.

அந்த அணி ஆடிய முறையில் பொலார்டின் கை இருந்தது. பிரவுனில் கற்ற ஆட்ட வகைகளை அவர் ஆக்ரனுக்குக் கொண்டுவந்தார்; சக வீரர்கள் அவற்றைப் பழகினார்கள். பெயரளவில் பயிற்சியாளர் எல்ஜி டோபின். ஆனால் களத்தில் அடுத்து என்ன செய்வது என்று தெரிய வேண்டுமானால் வீரர்களின் பார்வை பொலார்டிடம் போயிற்று.

இதைப் புரிந்துகொள்ள அந்தக் காலத்து விதி ஒன்றை அறிய வேண்டும். ஆட்டம் நடக்கும்போது களத்துக்கு வெளியே நிற்பவர் உள்ளே இருப்பவர்களுக்கு யோசனை சொல்லக்கூடாது. என்எஃப்எல்லில் அதற்கு அனுமதி வந்தது 1944-இல். இன்று பயிற்சியாளர் தலையில் ஹெட்செட்டோடு எல்லைக்கோட்டருகே நின்று ஒவ்வோர் அசைவையும் தீர்மானிக்கிறார். அன்றைக்கு அந்த முடிவை எடுக்கக்கூடியவர் களத்துக்குள் ஆடிக்கொண்டிருக்கும் ஒருவர் மட்டுமே. அதனால் ஆடியபடியே பயிற்சி தருவது அன்று பரவலான வழக்கம். ஹாலஸ், ஜிம் தோர்ப், கர்லி லாம்போ போன்ற அன்றைய வீரர்களும் அப்படித்தான். அணியிலேயே ஆட்டத்தை மிகத் தெளிவாகப் படிக்கிறவர் எவரோ அவரிடம் பொறுப்பு தானாகப் போய்ச் சேரும். ஆக்ரனில் அப்படிப் படித்தவர் பொலார்டு. அவருடைய தோலின் நிறத்தை விரும்பாதவர்களும் அவருடைய கணிப்பை நம்பினார்கள். 1921-இல் டோபினோடு இணைந்து தலைமைப் பயிற்சியாளர் என்ற பொறுப்பு அவர் பெயருக்கு வந்தது. லிங்கனில் அவருக்குத் துணை நின்ற பால் ராப்சன் அந்த ஆண்டு ஆக்ரனில் அவர் கீழ் ஆடினார். அணி எட்டு ஆட்டங்களில் வென்றது.

பதவி இப்படித்தான் பிறந்தது. திறமை தனக்குரிய இடத்தைத் தானே எடுத்துக்கொண்டது. ஆனால் அந்தப் பிறப்பின் பலவீனமும் அங்கேயே இருந்தது. அந்த இடத்தைக் காக்க எழுதிவைத்த விதி எதுவும் இல்லை.

மில்வாக்கி, ஹேமண்ட், பிராவிடன்ஸ் என்று பொலார்டு பல அணிகளுக்குப் போனார். ஹேமண்ட் புரோஸிலும் பயிற்சியாளராக இருந்தார். 1926-இல் மறுபடியும் ஆக்ரன். அதோடு என்எஃப்எல்லில் அவர் காலம் முடிந்தது. பின்னர் கூட்டமைப்பு கறுப்பின வீரர்களைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளியது. 1933 பருவத்துக்குப் பிறகு 1946 வரை ஒரு கறுப்பின வீரர்கூட அதில் ஆடவில்லை. அப்படித் தடை செய்யும் விதி எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை. உரிமையாளர்கள் தங்களுக்குள் புரிந்துகொண்டார்கள், அவ்வளவுதான். எழுதாத விதியை எதிர்த்து வழக்காட முடியாது, ரத்துசெய்யக் கோரவும் முடியாது. அதன் கொடுமை அதில்தான் இருந்தது.

பொலார்டு ஓயவில்லை. 1928-இல் சிகாகோவில் பிளாக் ஹாக்ஸ் என்ற கறுப்பின அணியைத் திரட்டி, வெள்ளையர் அணிகளோடு மோத வைத்தார். இரண்டு இனத்தவரும் ஒரே மைதானத்தில் ஆட முடியும் என்று கண்முன்னே காட்டுவது அவர் நோக்கம். பொருளாதாரப் பெருமந்தம் அந்த அணியை விழுங்கியது. 1930-களின் நடுவில் நியூயார்க்கின் ஹார்லமில் பிரவுன் பாம்பர்ஸ் அணிக்குப் பயிற்சியளித்தார். குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸின் பட்டப்பெயரைத் தாங்கிய அணி அது. என்எஃப்எல் கதவு மூடியிருந்த ஆண்டுகளில், திறமை தீரவில்லை என்பதற்கு அந்த அணிகளே சாட்சி. அவருடைய மகன் ஃபிரிட்ஸ் பொலார்டு ஜூனியர் 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் 110 மீட்டர் தடை ஓட்டத்தில் வெண்கலம் வென்றார்.

1946-இல் வீரர்களுக்குக் கதவு திறந்தது. கென்னி வாஷிங்டனும் உடி ஸ்ட்ரோடும் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸில் சேர்ந்தார்கள். பயிற்சியாளர் இருக்கைக்கான கதவோ இன்னும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் மூடியே இருந்தது. 1986 மே மாதம் 92 வயதில் பொலார்டு இறந்தபோது, என்எஃப்எல்லின் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் என்று சொல்ல அவரைத் தவிர இன்னொருவர் இல்லை. 1989 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலஸ் ரெய்டர்ஸ் அணி ஆர்ட் ஷெல்லை நியமித்தது. ஆக்ரனிலிருந்து அந்த நாளுக்கு வர 68 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இந்த இரண்டாம் பிறப்பைக் காப்பதற்கு எழுத்து தேவை என்பது பிறகு எல்லோருக்கும் புரிந்தது. தலைமைப் பயிற்சியாளர் இடம் காலியானால், சிறுபான்மை இனத்தைச் சேர்ந்த ஒருவரையாவது நேர்காணலுக்கு அழைத்தாக வேண்டும் என்ற விதியை என்எஃப்எல் 2003-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் உரிமையாளர் டான் ரூனியின் பெயரால் அதை ரூனி விதி என்கிறார்கள். அந்த விதி ஒழுங்காகப் பின்பற்றப்படுகிறதா என்று கண்காணிக்க உருவான அமைப்பு தனக்குச் சூட்டிக்கொண்ட பெயர் ஃபிரிட்ஸ் பொலார்டு கூட்டணி. 2005-இல் கான்டனில் உள்ள தொழில்முறைக் கால்பந்துப் புகழ் மன்றம் பொலார்டைச் சேர்த்துக்கொண்டது. 2007 பிப்ரவரியில் நடந்த என்எஃப்எல் இறுதி ஆட்டமான சூப்பர் போலில் டோனி டங்கி, லவி ஸ்மித் என இரண்டு அணிகளுக்கும் கறுப்பினத்தவரே தலைமைப் பயிற்சியாளர்கள்.

எத்தனை பேரை நேர்காணலுக்கு அழைக்கிறார்கள், எத்தனை பேரை உண்மையில் அமர்த்துகிறார்கள் என்ற வாதம் அமெரிக்காவில் இன்றும் நடக்கிறது. நடக்கத்தான் வேண்டும். ஒருவருடைய அறிவால் மட்டும் பிறந்த உரிமையை அடுத்த தலைமுறையினர் கேட்காமலே பறித்துவிட முடியும் என்பதற்குப் பொலார்டின் வாழ்க்கை ஆதாரம். திறமை கதவைத் திறக்கும். அதைத் திறந்தே வைத்திருக்க விதியும், விதியைக் காக்க விழிப்புள்ள மனிதர்களும் வேண்டும். இந்த உண்மை கால்பந்துக்கு மட்டும் உரியதல்ல. முதலாமவராக ஒருவர் உள்ளே நுழைந்ததைக் கொண்டாடும் ஒவ்வோர் இடத்திலும், இரண்டாமவர் எப்போது வந்தார் என்று நாம் கேட்டாக வேண்டும்.