ஆவும் எறும்பும் காட்டிய காசிகள்

ஊர்ப்பெயர்கள் பல பழைய செய்திகளைத் தம்முள் அடக்கி நிற்பன. அவற்றுட் சில முதலில் நகையை விளைவிக்கும். நகைத்தபின் நினையுங்கால் நெஞ்சை உருக்கும். விருதுநகர் மாவட்டத்துச் சிவகாசியின் பெயர் வரலாறு அத்தகையதொன்றாம். அவ்வூர்ப் பெயரைக் கேட்ட அளவில் இன்று பலர்க்கும் நினைவில் வருவன வெடியும் மத்தாப்பும் தீக்குச்சியுமே. 1922-இல் அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் கல்கத்தா சென்று தீக்குச்சித் தொழிலைக் கற்று மீண்டதனால் தோன்றிய வளம் அது. கங்கையின் கிளையாற்றங்கரையிலிருந்து அத்தொழில் வருவதற்கு ஏறக்குறைய 500 ஆண்டுகட்கு முன்னரே, கங்கைக் கரையிலிருந்து வேறொரு செல்வம் அவ்வூரை வந்தடைந்ததென்று தலவழக்குக் கூறும்.

மதுரையிற் பாண்டியர் ஆட்சி 14-ஆம் நூற்றாண்டிற் குலைந்தபின், அக்குலத்தார் தென்பாண்டி நாட்டின் மேற்பகுதியில் தங்கி ஆண்டனர். அவருட் சிறந்தவன், 1422 முதல் 1463 வரை அரசிருந்த அரிகேசரி பராக்கிரம பாண்டியன். அவன் காசிக்குச் சென்று சிவலிங்கம் பெற்று, அதனைத் தென்காசியில் எழுந்தருளுவிக்கும் கருத்தொடு மீண்டான் என்ப. வழியில் ஒரு வில்வ வனத்தில் தங்கி, மீண்டும் புறப்படும் பொழுது, லிங்கத்தைச் சுமந்து வந்த ஆ ஓரடியும் பெயர்த்து வைக்க மறுத்தது. கோலும் ஆணையும் உடைய வேந்தன் ஒருவன், வாயில்லா உயிர் ஒன்றன் முன் செய்வதறியாது நின்ற காட்சி நகைத்தற்குரியதே. அவன் அதனை அடித்தானல்லன். சுமையை வேறொன்றன்மேல் ஏற்றினானுமல்லன். இறைவன் திருவுள்ளம் அதுவே எனக் கொண்டு, லிங்கத்தை அவ்விடத்தே நிறுவினான். அதனால் அவ்வூர் சிவகாசி ஆயிற்று.

அதற்கு அண்மையிலுள்ள விருதுநகரின் பெயர்க்கதையை இதனோடு ஒப்பிடுதல் சுவையுடைத்து. பல ஊர் வென்று விருதுகள் தாங்கி வந்த வீரன் ஒருவன் அறைகூவ, உள்ளூரான் ஒருவன் எதிர்த்து நின்று அவனை வெட்டி விருதுகளைக் கைக்கொண்டானாம். அதுபற்றி விருதுவெட்டி எனப்பெற்ற ஊர் விருதுபட்டியாகி, 1923-இல் விருதுநகர் ஆயிற்று. ஓரூர் வென்றவனாற் பெயர் பெற்றது. மற்றோரூர் விட்டுக்கொடுத்தவனாற் பெயர் பெற்றது.

இனி, தென்காசியின் செய்தி யாதெனின், காசிக்குச் செல்லும் அடியார் பலர் வழியிடையே உயிர் நீத்தலால், தெற்கே ஒரு கோயில் எடுக்குமாறு இறைவன் பாண்டியன் கனவிற் பணித்தருளினான் என்பர். இடம் யாதென்னும் ஐயத்திற்கு, எறும்புச் சாரையைத் தொடர்ந்து செல்க என்பதே விடையாயிற்றாம். நாட்டெல்லையைத் தன் ஆணையால் வகுத்தவன், எறும்பின் பின்னே குனிந்து நடந்து லிங்கத்தைக் கண்டான். அவ்விடத்து 1446-இல் திருப்பணி தொடங்கியது.

இவை வெறுங்கதை என்று தள்ளுவார் உளராயின், கல்வெட்டும் தலவழக்கும் ஒருதரத்தன அல்ல என்பதனை நாமும் உடன்படுவோம். ஆவும் எறும்பும் வழக்கின்பாற்பட்டன. ஆயினும் அவை நம் மரபிற்குப் புதியனவல்ல. ஆவூரில் ஆவும், திருவெறும்பூரில் எறும்பும், திருவானைக்காவில் யானையும் சிலந்தியும் இறைவனை வழிபட்டமை சைவர் அறிவர். சித்தாந்தத்திற் பசு என்பது உயிர்க்கும் பெயர். 'யான் நினைத்த இடம்' என்னும் முனைப்பொடு சென்ற பசுவை, முனைப்பில்லாத மற்றொரு பசு தடுத்து நிறுத்தியது எனின், அதன்கண் பொருளில்லை எனல் யாங்ஙனம்?

அன்றியும், அவ்வரசனது இயல்பினைக் காட்டும் சான்று கல்லிலேயே உண்டு. தென்காசிக் கோயிலிற் பொறித்த செய்யுளில் அவன் வேண்டுவது தன் புகழன்று. இத்திருக்கோயிலுக்கு வரலாகாத குற்றம் ஏதேனும் வருமாயின், அதனை நீக்கிக் காப்பார் யாவராயினும், அவரை உலகறியத் தான் பணிந்ததாகக் கூறுகின்றான். பிறந்திராத மக்களின் அடியில் முடியைத் தாழ்த்திய அரசனே, ஓர் ஆவிற்கும் எறும்பிற்கும் தாழ்ந்தான் எனக் கூறுதல் மிகையன்று. வழக்குக் கூறும் பணிவிற்குக் கல்வெட்டுக் கரியாய் நிற்கின்றது.

அவன் அஞ்சிய குற்றமும் வந்தது. அவன் தொடங்கித் தம்பி குலசேகரன் முடித்த ஒன்பதுநிலைக் கோபுரம் பிற்காலத்துச் சிதைந்து, நெடுங்காலம் மொட்டைக் கோபுரமாய் நின்றது. பின்னர் அன்பர் பலர் முயற்சியால் அது மீண்டும் எழுந்து, 1990-இல் குடமுழுக்குக் கண்டது. அன்று கல்லும் சுண்ணாம்பும் சுமந்தார், காசு ஈந்தார், விளக்கேற்றினார் அனைவரும் ஒரு பாண்டிய வேந்தன் வணக்கத்தை ஐந்து நூற்றாண்டிற்கு முன்பே பெற்றவர் ஆயினர். பழுதுற்ற கோயில்கள் இன்றும் பல உள. அவற்றிற்குத் தொண்டு செய்ய முற்படுவார், அவ்வணக்கம் தமக்கும் உரியதே என உளங்கொள்வாராக.

திருச்சிற்றம்பலம்.