குழாய்வாய் மூடியின் வரலாறு



வரலாறு என்றதும் மன்னரும் மாளிகையும் போரும் உடன்படிக்கையுமே நம்மிற் பலருக்கு நினைவில் எழுகின்றன. பாடசாலைகளிலே நாம் அவ்வாறுதான் கற்பித்து வருகின்றோம். இன்று யான் எடுத்துக்கொண்ட பொருளுக்கு மன்னர் எவரும் இலர். வட்டமான ஓர் இரும்புத் தட்டு. அதன் ஓரத்தைச் சுற்றிச் சில துளைகள். அவ்வளவே அதன் உருவம். நீர்க்குழாயின் வாயில் அதனை வைத்துப் போல்ட்டுக்களால் இறுக்கிவிட்டால் நீர் அவ்விடத்திலே நின்றுவிடும். கடைக்காரரும் குழாய் வேலை செய்வோரும் இதனைப் பிளைண்ட் பிளாஞ்ச் என்பர். பிளாஞ்ச் என்பது குழாயின் நுனியிலே சட்டைக் கழுத்துப்பட்டி போல விரிந்து நிற்கும் வளையம். இரண்டு குழாய்களின் வளையங்களை முகத்தோடு முகம் பொருத்தி, இடையிலே ரப்பர் வாஷர் ஒன்றினை இட்டு முடுக்குவது வழக்கம். நடுவிலே துவாரம் இல்லாத வளையம் கண்ணில்லாதது. ஆதலின் அது குருட்டுப் பிளாஞ்ச் ஆயிற்று.

இத்தட்டினை வாங்குவதற்கு வணிகரிடம் விலை கேட்டு ஒரு கடிதம் எழுத வேண்டுமாயின் அதில் என்னென்ன எழுத வேண்டும்? இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு மனிதகுலம் ஏறத்தாழ அறுபது ஆண்டுகளைச் செலவிட்டது என்றால் நேயர்கள் வியப்படையக்கூடும். அக்கதையைக் கொழும்பிலிருந்தே தொடங்குவோம்.

இற்றைக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் கொழும்பு மக்கள் கிணற்று நீரையே நம்பி வாழ்ந்தனர். கொட்டாஞ்சேனை போன்று குடிசனம் நெருங்கிய பகுதிகளிலே கிணறும் மலக்குழியும் அருகருகே இருந்தமையால் நோய் நீங்காத விருந்தாளியாய் இருந்தது. 1865ஆம் ஆண்டிலே கொழும்பு மாநகரசபை சட்டப்படி தோன்றியது. அதன் பின்னர் நெடுங்காலம் நடந்த ஆலோசனைகளின் பயனாக, களனி கங்கையின் கிளையான வக் ஓயாவை மறித்து லபுகம என்னும் இடத்தில் நீர்த்தேக்கம் அமைக்க முடிவாயிற்று. மான்செஸ்டர் நகருக்கு நீர் கொண்டுவந்த புகழ்பெற்ற பொறியியலாளர் ஜோன் பிரெடரிக் பேட்மன் கொழும்பின் திட்டத்திலும் ஈடுபட்டவர். 1882இல் தொடங்கிய வேலை 1886இல் நிறைவெய்தியது. காட்டு மலையடிவாரத்தினின்று நாற்பது கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம் வார்ப்பிரும்புக் குழாய் வழியாக நீர் மாளிகாகந்தைக்கு வந்தது. வடக்கே, கொட்டாஞ்சேனைக்கு அப்பால் முகத்துவாரம் பக்கமாக ஈலி ஹவுஸ் என்னும் மேட்டிலும் நீர்த்தொட்டி அமைந்தது. ஒரு காலத்தில் குடியேற்றநாட்டுச் செயலாளராய் இருந்த பிலிப் அன்ஸ்ட்ரூதர் வாழ்ந்த மாளிகையின் பெயரே அது. மாளிகை மறைந்தது, தொட்டி பெயரைக் காத்து நிற்கின்றது.

நிலத்தின் கீழ்ப் புதைத்த அக்காலத்துக் குழாய்கள் பெரும்பாலும் பிளாஞ்ச் பூட்டியவை அல்ல. ஒன்றன் நுனியை மற்றொன்றன் அகன்ற வாயிலே செருகி, இடைவெளியில் நார் திணித்து, உருக்கிய ஈயம் ஊற்றி, உளியால் அடித்து இறுக்குவர். ஆனால் வால்வு இருக்கும் இடத்திலும், நீரேற்றும் யந்திரத்திலும், தொட்டியின் சுவரிலும் கழற்றிப் பூட்டத்தக்க இணைப்பு வேண்டும். அங்கெல்லாம் பிளாஞ்ச் வந்தது. நகரம் நாளை வளரும் என்று கருதிய பொறியியலாளர் பிரதான குழாயிலே கிளைவாய் ஒன்றினை விட்டு, அதனைத் தட்டினால் மூடிவைப்பர். பத்தோ இருபதோ ஆண்டுகளின் பின் வேறொருவர் வந்து அம்மூடியைக் கழற்றிப் புதுத் தெருவுக்குக் குழாய் இழுப்பார். எதிர்காலத்துக்காகப் பூட்டி வைத்த கதவு என்று அதனைச் சொல்லலாம்.

இத்தனை இரும்பும் இங்கிலாந்திலிருந்து வந்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. கொழும்புத் துறைமுகத்தின் தென்மேற்கு அலைதடுப்புச் சுவருக்கு 1875இல் அடிக்கல் நாட்டி, 1885இல் கட்டி முடித்தனர். பாரமான பொருள்களை இறக்குவதற்கு வசதி பிறந்த வேளையும் குழாய் வேண்டிய வேளையும் ஒன்றாயின. அரசாங்கத்துக்குரிய பொருள்களைப் பெரும்பாலும் இலண்டனில் இருந்த கிரவுன் ஏஜண்டுகள் வாயிலாகவே தருவித்தனர். 1833இல் தொடங்கிய அந்நிறுவனம், குடியேற்ற நாடுகள் அனுப்பும் இன்டென்ட் என்னும் தேவைப் பட்டியலைப் பெற்று, ஆங்கில உற்பத்தியாளரிடம் விலை கேட்டு, பொருளைப் பரிசோதித்துக் கப்பலேற்றி அனுப்பும். இன்டென்ட் எழுதுபவர் கொழும்பில். அதனைப் படிப்பவர் இலண்டனில். வார்ப்பவர் கிளாஸ்கோவிலோ டார்பியிலோ. எழுதியவரின் மனத்தில் இருந்ததை வார்ப்பவர் அறிதற்குத் தாளில் உள்ள சொற்களைத் தவிர வேறு வழி இல்லை. தட்டிலே துளை ஒன்று இடம் மாறி இருப்பின், அது கொழும்புப் பண்டகசாலையிலே பெட்டியை உடைக்கும் போதுதான் தெரியவரும்.

துளை இடம் மாறுவதற்கு எல்லா வாய்ப்பும் இருந்தது. போல்ட்டின் புரிகளை ஒழுங்குபடுத்துவதற்கு ஜோசப் விட்வர்த் 1841ஆம் ஆண்டிலேயே ஒரு முறையை முன்வைத்தார். அதனை நாடெங்கும் மெல்ல மெல்ல ஏற்றுக்கொண்டனர். ஆயினும் அப்போல்ட்டுக்களை எத்தனை இடத்தில், எவ்வளவு பெரிய வட்டத்தில் வைப்பது என்பதை ஒவ்வொரு வார்ப்பாலையும் தன் மனம்போல் வகுத்துக்கொண்டது. ஓர் ஆலையின் 4 அங்குலக் குழாய்க்கு அடுத்த ஆலையின் 4 அங்குல மூடி சேராது. ஆலைக்காரருக்கு இதில் இலாபமும் உண்டு என்றே யான் எண்ணுகின்றேன். ஒருமுறை அவரிடம் வாங்கியவர் என்றும் அவரிடமே வரவேண்டும் அன்றோ?

அமெரிக்கர் 1894இல் தமக்குள் ஒரு பிளாஞ்ச் அட்டவணையை வகுத்துக்கொண்டனர். பிரித்தானியாவிலே சேர் ஜோன் உல்ப் பெரியின் முயற்சியால் 1901இல் பொறியியல் நியமக் குழு கூடியது. அக்குழு 1904ஆம் ஆண்டிலே வெளியிட்ட பத்தாம் இலக்க நியமம்தான் பி.எஸ். 10 என்று இன்றுவரை பெயர் பெற்று விளங்கும் குழாய்ப் பிளாஞ்ச் அட்டவணை.

அதே 1904ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலே அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பெருந்தீ மூண்டது. வாஷிங்டனிலிருந்து தீயணைப்பு யந்திரங்கள் புகைவண்டியிலே விரைந்து வந்தன. வந்தவர்கள் தங்கள் குழாயைப் பால்டிமோரின் தெருக்குழாயிலே பூட்ட முயன்றபோது அது பொருந்தவில்லை. நீர் இருந்தது, ஆட்கள் இருந்தனர், இரண்டையும் இணைக்கும் வளையம் வேறு அளவினதாய் இருந்தது. 1,500க்கு மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன. அளவு ஒருமைப்பாடு என்பது அலுவலகத்தாரின் பொழுதுபோக்கு என்று கருதியவர்களுக்கு அத்தீ விடை கூறிற்று.

பி.எஸ். 10 என்ன செய்தது? குழாய் தாங்கவேண்டிய அழுத்தத்தின்படி ஏ, டி, ஈ, எப், எச் என்றவாறு எழுத்துப் பெயர் கொண்ட அட்டவணைகளாகப் பிளாஞ்சுகளை வகுத்தது. ஒவ்வோர் அட்டவணையிலும் ஒவ்வொரு குழாய் அளவுக்கும் தட்டின் விட்டம், தடிப்பு, துளைகளின் தொகை, துளைகள் அமையும் வட்டத்தின் விட்டம் ஆகியவை குறிக்கப்பட்டன. அதன் பின்னர் கொழும்பிலிருந்து எழுதுபவர் நீண்ட வருணனை எழுத வேண்டியதில்லை. அளவையும் அட்டவணையின் பெயரையும் எழுதினால் இவ்விவரம் யாவும் அவற்றினுள் அடங்கிவிடும்.

இங்கே அழுத்தம் என்பதைச் சற்று விளக்குதல் வேண்டும். ஒரு சதுர அங்குலத்துக்கு 100 இறாத்தல் அழுத்தத்தில் நீர் நிற்கும் 4 அங்குலக் குழாயின் வாயை ஒரு தட்டினால் மூடுகின்றோம் எனக் கொள்வோம். அவ்வாயின் பரப்பு ஏறத்தாழ 12½ சதுர அங்குலம். ஆகவே தட்டின்மேல் 1,250 இறாத்தல், அதாவது அரைத் தொன்னுக்கு மேற்பட்ட விசை விழும். குழாய் 8 அங்குலமாயின் அது இருமடங்காகும் என்று மாணவர் பலர் விடை எழுதுவர். உண்மையில் அது நான்கு மடங்காகி 5,000 இறாத்தலைத் தாண்டும்; இரண்டேகால் தொன். 20 அங்குலமாயின் 14 தொன். மற்றைப் பிளாஞ்சுகளில் நீர் நடுத்துவாரத்தின் வழியே சென்றுவிடுகின்றது. மூடியிலோ அவ்விசை முழுவதும் தட்டின் நடுவிலே முட்டி அதனை வெளியே வளைக்கப் பார்க்கின்றது. இதனால்தான் தடிப்பு என்பது இங்கே உயிர்நிலையாகின்றது. வெளித்தோற்றத்தில் ஒன்றேபோல் இருக்கும் இரு தட்டுக்களில் ஒன்று தாங்கும், மற்றொன்று தாங்காது.

யான் பொறுப்பேற்றுள்ள பாடசாலையிலே தண்ணீர்த் தொட்டியின் பழைய குழாய் ஒன்றினை அடைக்க வேண்டி நேர்ந்தது. அரசாங்க ஒழுங்கின்படி மூன்று வணிகரிடம் விலைமனுக் கோரினோம். பழைய சோனகத் தெருப் பக்கத்திலிருந்து மூன்று விலைகள் வந்தன. மூன்றும் “4 அங்குலப் பிளைண்ட் பிளாஞ்ச் 1” என்ற ஒரே வாசகத்துக்கு எழுதியவை. எனினும் ஒன்றன் விலை மற்றொன்றினதில் மூன்றில் ஒரு பங்கு. விசாரித்த போதுதான், முதலாமவர் மெல்லிய உருக்குத் தகட்டை வட்டமாக வெட்டி 4 துளை இட்டுத் தருவதாகவும், இரண்டாமவர் 8 துளையுள்ள வார்ப்பிரும்புத் தட்டினையும், மூன்றாமவர் அமெரிக்க அளவில் அமைந்த தடித்த உருக்குத் தட்டினையும் கருதினர் என்று தெரிந்தது. மூவரும் பொய் கூறவில்லை. குறைந்த விலைக்கே கொள்க என்னும் விதி, ஒப்பிடத்தக்க பொருள்களுக்கு இடையிலேதான் நீதியாகும். நல்ல பொருளைக் கருதி விலை எழுதியவர் தோற்பதற்கும் பொருந்தாத பொருளை எழுதியவர் வெல்வதற்கும் அந்த ஒற்றை வரி வழி செய்துவிடும்.

மூவர் மனத்திலும் மூன்று பொருள் தோன்றியதற்கு வரலாறே காரணம். பி.எஸ். 10இன் டி அட்டவணையில் 4 அங்குலப் பிளாஞ்சுக்குத் துளை 4. ஈ அட்டவணையில் 8. இரண்டிலும் துளைவட்டம் 7 அங்குலம், அதாவது 178 மில்லிமீட்டர். அமெரிக்கரின் கிளாஸ் 150 எனப்படும் வகையிலே துளை 8 ஆயினும் வட்டம் 7½ அங்குலம். 1960களின் இறுதியிலே பிரித்தானியா மெட்ரிக் அளவுக்கு மாறத் தொடங்கி, ஐரோப்பிய முறையைத் தழுவிய பி.என். வகையை ஏற்றது. நம் நாட்டிலும் 1964இன் சட்டப்படி இலங்கை நியமங்களுக்கான பணியகம் தோன்றியது. 1970களிலே மெட்ரிக் அளவை வந்தது. 1975இல் தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை பிறந்தது. பி.என். 16 வகையில் 4 அங்குலத்துக்கு ஈடான 100 மில்லிமீட்டர்ப் பிளாஞ்சின் துளை 8, வட்டம் 180. ஈ அட்டவணைக்கும் இதற்கும் 2 மில்லிமீட்டரே வேறுபாடு ஆதலின், துளையில் உள்ள இடைவெளியினால் சமாளித்துப் பூட்டிவிடலாம். அந்த வெற்றியை நம்பி 200 மில்லிமீட்டருக்குச் சென்றால் ஏமாற்றமே மிஞ்சும். அங்கே ஈ அட்டவணைக்கு 8 துளை, வட்டம் 292, பி.என். 10க்கு 8 துளை, 295, பி.என். 16க்கோ 12 துளை. புதியது பழையதைத் துரத்திவிடவில்லை. நிலத்தடியிலே இருப்பது தாத்தாவின் அளவு. கடையிலே கிடைப்பது பேரனின் அளவு.

மூடி என்னும் சிறு பொருளுக்காக இத்தனை பேச்சா என்று கேட்பவர்க்கு வட கடலில் நிகழ்ந்த ஒன்றினைக் கூறுவேன். 1988ஆம் ஆண்டு யூலை 6ஆம் நாள், ஸ்கொத்லாந்தின் அபர்டீன் நகருக்கு வடகிழக்கே, பைப்பர் அல்பா என்னும் எண்ணெய் மேடையில் யந்திரம் ஒன்றன் பாதுகாப்பு வால்வைப் பழுதுபார்ப்பதற்காகக் கழற்றி, அவ்விடத்தை ஒரு பிளைண்ட் பிளாஞ்சினால் மூடியிருந்தனர். வால்வு இல்லை என்னும் செய்தி இரவு வேலைக்கு வந்தோரை எட்டவில்லை. மற்றை யந்திரம் நின்றுபோக, அவர்கள் இதனை இயக்கினர். மூடி கசிவின்றி இறுக்கப்பட்டிருக்கவில்லை என்றே பின்னர் விசாரித்த கலன் பிரபு முடிவு செய்தார். கசிந்த வாயு தீப்பற்றியது. 167 பேர் மாண்டனர். அங்கே தவறியது தட்டன்று; அதனைப் பூட்டிய முறையும், அதைப் பற்றிய தாள் உரியவர் கைக்குச் சேராமையுமே.

மீண்டும் நம் விலைமனுக் கடிதத்துக்கு வருவோம். அளவும் நியமமும் அட்டவணையும் சொன்னபின் உலோகத்தைச் சொல்லுதல் வேண்டும். முகத்தைப் பற்றியும் ஒரு சொல் தேவை. வார்ப்பிரும்புப் பிளாஞ்சின் முகம் தட்டையானது. அதன்மேல் நடுப்பகுதி மேடாக எழுந்த உருக்குத் தட்டினை வைத்துப் போல்ட்டை முடுக்கினால் ஓரம் வளைந்து வார்ப்பிரும்பு வெடித்துவிடும். வார்ப்பிரும்பு வளையாது, உடையும். குடிநீருக்கு எனின் பூச்சு குடிநீருக்கு ஏற்றதாக இருத்தல் வேண்டும் என்பதனையும் எழுதுக. போல்ட்டும் நட்டும் வாஷரும் விலையில் அடங்குமா என்று கேட்டுக்கொள்வது நன்று; பல சச்சரவுகள் அங்கேதான் பிறக்கின்றன.

பழைய மூடி கைவசம் இருந்து, எந்த அட்டவணை என்று தெரியாதபோது என் செய்வது? மற்றைப் பிளாஞ்சாயின் நடுத்துவாரத்தை அளந்து குழாயின் அளவை அறியலாம். மூடிக்கு அது இல்லை. துளைகளை எண்ணுக. பின்னர் ஒரு துளையின் உள்விளிம்பிலிருந்து அதற்கு நேர் எதிர்த்துளையின் வெளிவிளிம்பு வரை அளந்தால் துளைவட்டத்தின் விட்டம் கிடைக்கும். தட்டின் முழு விட்டத்தையும் தடிப்பையும் அதனோடு குறித்துக்கொண்டு கடைக்குச் செல்லலாம். எங்கள் எழுதுவினைஞர் சென்றதும் அப்படித்தான்.