பென்சில் கோடும் நம் தேர்வும்

"விடையை நல்லா கருமையாக்கு, வெளியே போகாதே!" என்று வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்போம்! இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது தெரியுமா?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ரெனால்டு ஜான்சன் என்றோர் அறிவியல் ஆசிரியர் இருந்தார். பென்சில் கரியில் மின்சாரம் பாயும் என்பதை வைத்து, விடைத்தாள் திருத்தும் கருவியைச் செய்தார். 1934-இல் ஐ.பி.எம். நிறுவனம் அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஐ.பி.எம். 805 விற்பனைக்கு வந்தது.

ஆசிரியரின் சுமை குறைந்தது, உண்மைதான். ஆனால் இயந்திரத்துக்குக் கோடு தெரியும், வாக்கியம் தெரியாது. அதனால் கேள்வியே அதற்கேற்ப மாறிப்போச்சு. எதைச் சுலபமாகத் திருத்தலாமோ, அதையே அதிகம் கேட்டார்கள்.

மலேசியாவில் 1988-இல் தொடங்கிய யு.பி.எஸ்.ஆர். 2021-இல் நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பி.டி.3 தேர்வும் போனது. இப்போது வகுப்பறை மதிப்பீட்டில் ஆசிரியரின் கணிப்புக்கு எடை கூடியிருக்கிறது. அதே நேரத்தில் செயற்கை நுண்ணறிவு முழுக் கட்டுரையையே எழுதித் தருகிறது. வீட்டில் எழுதி வந்ததற்கு மட்டும் புள்ளி போட்டால், யாருக்குப் புள்ளி போடுகிறோம்?

ஆசிரியர்களே, முன்வரைவையும் வாங்கிப் பாருங்க. "ஏன் இந்தச் சொல்லைப் போட்டாய்?" என்று வாய்மொழியாகக் கேளுங்க. வகுப்பிலேயே ஒரு பத்தி எழுதச் சொல்லுங்க. மாணவர்களே, எஸ்.பி.எம். தேர்வு மண்டபத்துக்குள் செயலி வராது. அங்கே எழுதப்போவது நீங்கள்தான். பயிற்சியையும் நீங்களே எழுதுங்க.