நிழல் விழாத நண்பகல்

ஓய்வு பெற்றபின் மகனோடு திண்டுக்கல்லில் இருக்கிறேன். இந்த ஊர் வெயிலைத் திட்டாத நாள் கிடையாது. ஆனால் வருடத்தில் இரண்டு நாள், அந்த வெயிலுக்காகவே மொட்டை மாடிக்குப் போகிறேன். ஏப்ரல் 17 வாக்கில் ஒருமுறை, ஆகஸ்டு 26 வாக்கில் ஒருமுறை, பகல் 12.20 சுமாருக்குச் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். தூக்குக்குண்டு பிடித்துச் செங்குத்தாக நிறுத்திய கம்புக்கு அப்போது நிழல் விழாது. எதிரே மலைக்கோட்டைப் பாறை வெள்ளையாகத் தகிக்கும்.

இதற்கும் நான் பள்ளியில் மனப்பாடம் செய்த ஒரு தேற்றத்துக்கும் உறவு உண்டு. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். இரண்டு இணைகோடுகளை ஒரு கோடு குறுக்கே வெட்டினால் உண்டாகும் கோணங்களில் ஒரு ஜோடிக்கு 'அல்தெர்ன்-ஏந்தெர்ன்' என்று பெயர். தமிழ்ப் புத்தகத்தில் ஒன்றுவிட்ட உட்கோணங்கள் என்கிறார்கள். அவை இரண்டும் சமம். கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தேனே தவிர, எதற்கு என்று தெரியாது. பிறகு முப்பத்தைந்து வருடம் அரசாங்கக் குமாஸ்தாவாகக் கோப்புகளில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்ததில், எந்தக் கோணமும் தேவைப்படவில்லை.

எதற்கு என்று காட்டியவர் எரத்தோஸ்தெனிஸ். எகிப்தில் அலெக்சாந்திரியா நூலகத்தின் தலைவர், கி.மு. மூன்றாம் நூற்றாண்டு. யூக்ளிட் அதே ஊரில் இந்தத் தேற்றத்தைத் தம் முதல் புத்தகத்தில் 29ஆவதாக எழுதி வைத்து இரண்டு தலைமுறை ஆகியிருந்தது. தெற்கே சையீன் என்ற ஊரில், இன்றைய அஸ்வானில், கோடை உச்ச நாளன்று நண்பகல் வெயில் கிணற்றின் அடிவரை இறங்கும். அதே நேரம் அலெக்சாந்திரியாவில் கம்புக்கு நிழல் விழும்.

சூரியன் வெகு தூரத்தில் இருப்பதால் இரண்டு ஊருக்கும் வரும் கதிர்கள் இணைகோடுகள். சையீன் கதிரைப் பூமிக்குள் நீட்டினால் மையத்துக்குப் போகும். அலெக்சாந்திரியாக் கம்பைக் கீழே நீட்டினாலும் மையத்துக்கே போகும். அந்தக் கம்புதான் இரண்டு கதிர்களையும் வெட்டும் குறுக்குக் கோடு. ஆகவே கம்பின் நுனியில் நிழல் காட்டும் கோணமும், யாரும் போய்ப் பார்க்க முடியாத பூமியின் மையத்தில் இருக்கும் கோணமும் ஒன்றே. அது வட்டத்தில் 50இல் ஒரு பங்காக இருந்தது. இரண்டு ஊருக்கும் இடையே 5,000 ஸ்டேடியா; பூமியின் சுற்றளவு 2,50,000 ஸ்டேடியா.

இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு நம் பக்கத்திலும் இதே வேலை நடந்தது. 1802இல் சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய வில்லியம் லாம்டன், கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து குமரிமுனை வரை தரையில் தூரத்தைக் கணக்கிட்டார். சூரியனுக்குப் பதில் ஒரே நட்சத்திரத்தை இரண்டு இடத்திலிருந்து பார்த்தார். நட்சத்திர ஒளியும் இணைகோடுதான். அந்த இரண்டு இடங்களின் அட்சரேகைகளுக்கும் நடுவில் இருக்கிறது திண்டுக்கல். அவருடைய அரை டன் எடைக் கோணமானியைக் கடலில் ஒரு பிரெஞ்சுக் கப்பல் பிடித்து மொரீஷியசுக்குக் கொண்டுபோக, அங்கிருந்த ஆளுநர் மரியாதையாகச் சென்னைக்கே அனுப்பிவைத்தார். பிரெஞ்சு படித்தவன் என்ற முறையில் எனக்கு அதில் ஒரு பெருமை. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் கயிறு அறுந்து அந்தக் கருவி மோதி நசுங்கியது. லாம்டன் ஆறு வாரம் கூடாரத்தில் அடைந்து கிடந்து தம் கையாலேயே அதைச் சரிசெய்தார்.

படித்ததோடு விட்டிருக்கலாம். நாமும் அளந்து பார்த்தால் என்ன என்று தோன்றியது. ஆனால் இது ஒருவரால் ஆகிற காரியமில்லை. வடக்கே இன்னொருவர் கம்போடு நிற்க வேண்டும். புதுச்சேரி வீட்டில் அண்ணன் இருக்கிறார். பாகப் பிரிவினையில் வார்த்தை தடித்துப் பேச்சு நின்று நான்கு வருடம். இரண்டு நாள் யோசித்துவிட்டு ஏப்ரல் 16 இரவு கூப்பிட்டேன்.

"யாரு?"

"நான்தான். நாளை மத்தியானம் மாடியில் ஒரு மீட்டர் கம்பு நட்டு நிழல் அளக்க முடியுமா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "அல்தெர்ன்-ஏந்தெர்னா?" என்றார். வீட்டில் கணக்கு வந்தது அவருக்குத்தான்.

அங்கே சூரியன் உச்சம் தொடுவது எங்களுக்கு ஏழு நிமிடம் முன்னால். 12.11க்கு அவர் அழைப்பு வந்தது: "வடக்கே 2.7 சென்டிமீட்டர். ஓரம் மங்கலா இருக்குடா, ஒரு மில்லிமீட்டர் முன்னே பின்னே இருக்கும்." ஏழு நிமிடம் கழித்து இங்கே நிழல் கம்பின் அடிக்குள் போயிற்று. கோணம் ஒன்றரை டிகிரிக்குச் சற்று மேல். வரைபடத்தில் தென்வடலாக மட்டும் எடுத்த தூரம் 174 கிலோமீட்டர். பெருக்கி வகுத்ததில் பூமியின் சுற்றளவு சுமார் 40,500 கிலோமீட்டர் என்று வந்தது. உண்மையான கணக்கு 40,000 சொச்சம்.

அண்ணனிடம் சொன்னேன். "500 அதிகம். உன் கம்பு சாய்ஞ்சிருக்கும்" என்றார். "உங்க கம்புதான்" என்றேன். ஆகஸ்டில் மறுபடி அளப்பதாக முடிவாயிற்று. இந்த முறை கம்பை நான் புதுச்சேரியில் பிடிப்பதாகவும், அவர் திண்டுக்கல் வருவதாகவும் பேச்சு.